எடைக்குப் போடாத சைக்கிள்

போன வாரம் பழைய இரும்பு எடுக்கறவர் வாசல்ல வந்து நின்னாருங்க. திண்ணையோரம் சாத்தி வெச்சிருந்த எங்க ஐயன் சைக்கிளைப் பார்த்துட்டு, "ஐநூறு ரூபா தர்றனுங்க, குடுத்துருங்க"ன்னார். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பையன், "தூக்கிட்டுப் போங்கண்ணா"ன்னான். அவனுக்கு ஒரு காரணம் இருக்குது. போன மாசம் மழையில நான் அந்தச் சைக்கிள்ல இருந்து விழுந்து முழங்கை கிழிஞ்சு ஏழு தையல் போட்டுட்டு வந்தேன். "இந்த வயசுல இது வேண்டாம்ப்பா, மொபட்டுல போங்க"ங்கறான். வீட்டுலயும் அவன் பக்கந்தான்.

நான் குடுக்கல. ஏன்னு எழுதறேன்.

1978-ல கடலை வித்த காசுல ஐயன் வாங்குன ஹெர்குலிஸ் அது. நான் குரங்கு பெடல் போட்டுப் பழகுனதும் அதுலதான். 28 இஞ்சு சக்கரம், கம்பி பிரேக்கு, ஸ்பிரிங் வெச்ச தோல் சீட்டு. முன்சக்கரத்துல 32 போக்ஸ் கம்பி, பின்னால 40. எண்ணிப் பாருங்க. பின்னால மூட்டை ஏறும்னு தெரிஞ்சேதான் செஞ்சிருக்காங்க. முன் ஃபோர்க் நல்லா முன்னால வளைஞ்சிருக்கும், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல எடவெளி அதிகம். கல்லுல ஏறுனா அந்த அதிர்ச்சி கைக்கு வர்றதுக்குள்ள பாதி செத்துப் போகும். ஒருக்கா பார் விரிசல் விட்டுச்சு. உள்ளூர் பட்டறையிலயே பித்தளை வெச்சு ஊதிக் குடுத்துட்டாங்க. அது ஆச்சு இருபது வருசம்.

எங்க தங்கச்சி பையன் கியர் சைக்கிள் வெச்சிருக்கான். முன்னால ஷாக் அப்சார்பர் எல்லாம் உண்டு. பொங்கலுக்கு வந்தப்ப எங்க தடத்துல ஓட்டி, கியர் மாத்தற கொக்கியில கல்லு அடிச்சு வளைஞ்சு போச்சு. அந்தச் சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரோணும்னாங்க. பத்து நாள் சைக்கிள் சும்மா நின்னுது.

தோட்டத்துக்கு எனக்கு மூணு கிலோமீட்டர். மொதல்ல இட்டேரி, அப்புறம் கீழ்பவானி வாய்க்கால் கரை. (வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடற சண்டையை இங்க இழுக்கல, அது இன்னொரு நாளைக்கு.) இட்டேரியில வெங்கச்சங்கல்லு, சரளை, நடுவுல வண்டிச்சக்கரம் பதிஞ்ச குழி. இதுல ஓட்டறதுக்கு ஒரு பதம் இருக்குது. டயர்ல காத்து கல்லாட்டம் இருக்கக் கூடாது, கட்டைவிரல் வெச்சு அமுக்குனா கொஞ்சம் அமுங்கோணும். ஹேண்டில்பாரை இறுக்கிப் புடிக்கக் கூடாது. வண்டி தானா தடம் தேடிக்கும். பெரிய கல்லு வந்தா ரெண்டு பெடலையும் சமமா நிறுத்தி, சீட்டுல இருந்து ஒரு விரக்கடை எந்திரிச்சுக்கோணும். திருப்பத்துல உதிரிச் சரளை ஒதுங்கிக் கெடக்கும், அங்க முன் பிரேக்கைத் தொடவே கூடாது.

இத்தனை தெரிஞ்சவன் எப்படி விழுந்தேன்னு கேப்பீங்க. பாதித் தப்பு சைக்கிள் மேலதான். இரும்பு ரிம் நனைஞ்சா பிரேக் கட்டை வழுக்கும், புடிக்கவே புடிக்காது. அது தெரிஞ்சும் தேஞ்ச கட்டையை மாத்தாம ஓட்டுனது என்னோட சோம்பல். ஆனா மீதிப் பாதி அந்த ஜல்லி. இட்டேரி முக்குல இருந்து இருநூறு அடிக்கு ரோடு போடறோம்னு முட்டை பெருசு ஜல்லியைக் கொட்டுனாங்க. பரப்பி, மண்ணு தூவி, தண்ணி விட்டு, உருளை ஓட்டுனாத்தான் அது ரோடு. ஏழு மாசமாச்சு, உருளையைக் காணோம். சரளைங்கறது வேற, ஜல்லிங்கறது வேறங்க. மண்ணோட இறுகுன சரளை சக்கரத்தைத் தாங்கும். உருளை காணாத ஜல்லி காலுக்கடியில உருளும். அங்க சைக்கிள் மட்டுமில்ல, மொபட்டும் விழுந்திருக்குது, பால் கேனோட. நூறு நாள் வேலைக்குப் போற அம்மணிங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓரமா முள்ளுல நடக்கறாங்க. இதுக்குப் பழைய ரோடே தேவலை.

பையனே ஒரு நாள் போன்ல ஒரு வீடியோ காட்டுனான். இத்தாலியில டஸ்கனி பக்கம், எரோயிகான்னு 1997-ல இருந்து நடத்தறாங்களாம். 1987-க்கு முந்துன ரோடு சைக்கிள்தான் ஓட்டோணும். தார் போடாத வெள்ளைச் சரளை ரோட்டுல நூறு, இருநூறு கிலோமீட்டர் போறாங்க. அந்தச் சரளை ரோடுகளைத் தார் போட்டு மூடிடாமக் காப்பாத்தோணும்னுதான் இதை ஆரம்பிச்சதே. அவங்க சைக்கிள் வேற சாதி, குதிரையாட்டம் மெலிசு, நம்மளது எருமை. இருந்தாலும் பையன்கிட்ட, "அங்க காசு கட்டி ஓட்டறதை நான் தினம் ஓசியில ஓட்டறேன்டா"ன்னேன். சிரிச்சான்.

மொபட் கெட்டதுன்னு நான் சொல்லல. நாப்பது லிட்டர் பால் ஊத்தறவங்க மொபட்டுலதான் போகோணும். எனக்கு ஒரு மம்பட்டி, ஒரு சோத்துப் போசி, அவ்வளவுதான் சுமை. அதுக்கு எதுக்குப் பெட்ரோல்? முட்டியும் மடங்கி நிமிர்ந்தாத்தான் ஓடும்.

பையன்கிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கேன். மழை பேஞ்சா உருட்டிட்டு நடக்கறது, ஜல்லி மேல ஏறாம இறங்கித் தள்ளறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில உருளை எங்கேன்னு கேக்கறதுக்கு அவனும் கூட வர்றான். சைக்கிளை ஓவராயிலுக்கு விட்டாச்சு. பிரேக் கட்டை நாலும் புதுசு, பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கோணும். கடைக்காரர் வெள்ளிக்கிழமை தர்றேன்னார். அதுவரைக்கும் நடைதானுங்க.