பறித்ததால் பிரிந்த அணி



கூடைப்பந்து ஆட்டத்துக்கும் நமது கொள்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. ஒரு கூட்டாட்சி எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு சாகிறது என்பதை ஓர் இளைஞர் அணியின் கதையே எடுத்துரைக்கிறது, கேளுங்கள்.

1987-ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டின் போர்மியோ என்னும் மலை நகரிலே இளையோர் உலகக் கூடைப்பந்துப் போட்டி. வல்லரசாம் அமெரிக்காவை எதிர்த்து நின்றது யூகோஸ்லாவியா. ஆறு குடியரசுகள் கூடி அமைத்த நாடு. அந்த அணியிலே குரோஷியாவின் டோனி குக்கோச் இருந்தார், டீனோ ராஜா இருந்தார். செர்பியாவின் விளாடே டிவாச் இருந்தார், அலெக்சாண்டர் ஜார்ஜெவிச் இருந்தார். இனம் வேறு, எழுத்து வேறு, வழிபாடு வேறு. எனினும், பந்தைக் கைமாற்றும்போது எவரும் எவருடைய இனத்தையும் கேட்டாரில்லை!

முதற்சுற்றிலே அமெரிக்காவை எதிர்த்து, மூன்று புள்ளி தரும் தொலைவிலிருந்து குக்கோச் எறிந்த பந்துகள் 12. கூடையிலே விழுந்தவை 11. இறுதியாட்டத்திலும் அமெரிக்காவே எதிரி. 86-க்கு 76 என்று வாகை சூடியது யூகோஸ்லாவியா.

வேற்றுமையை அழித்தா வென்றனர்? இல்லை. அவரவர் ஆற்றலுக்கு அவரவர் இடம் தந்து வென்றனர்.

பிறகு நடந்ததென்ன? கடன் சுமையால் நாடு தள்ளாடிய வேளையில், 1989 மார்ச்சிலே, செர்பியத் தலைவர் மிலோசெவிச் முன்னின்று கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார். இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு என்ற அச்சம் மற்றக் குடியரசுகளைப் பற்றியது. அந்த அச்சத்தை ஒவ்வோர் இனத்தின் வெறியரும் அறுவடை செய்தனர். 1991 ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலை அறிவித்தன. அதே வாரம் ரோம் நகரில் ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டி. ஸ்லோவேனிய வீரர் ஒருவர், தம் அரசின் ஆணையை ஏற்று, இடையிலேயே அணியைவிட்டு வெளியேறினார். எஞ்சியோர் வென்றனர், கோப்பை கைக்கு வந்தது, நாடு கைவிட்டுப் போயிற்று!

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குக்கோச்சும் ராஜாவும் குரோஷியாவுக்காக ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றனர். டிவாச், ஜார்ஜெவிச் ஆகியோரின் அணிக்கோ, ஐக்கிய நாடுகள் மன்றத்தின் தடையால், ஆடுகளமே அடைபட்டது. அதற்குள் பொஸ்னியாவிலே போர் மூண்டுவிட்டது. 1995-இல் அது ஓய்வதற்குள் மாண்டோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். பந்து பிடித்திருக்க வேண்டிய கைகள் எத்தனை துப்பாக்கி ஏந்தின!

சுயாட்சி தந்ததால் அந்நாடு சிதைந்தது என்பார் உளர். தந்த நாளிலா சிதைந்தது? பறித்த நாளிலன்றோ விரிசல் பிளவாயிற்று! ஒருமைப்பாடு ஆணையிட்டு வருவதன்று. சமமாக மதித்தால் தானே வளர்வது. உரிமை கேட்போரைப் பிரிவினைக்காரர் என்று எவரேனும் தூற்றினால், தோழர்களே, சினம் கொள்ளாதீர்கள். போர்மியோவில் வென்ற இளைஞர்களின் கதையைச் சொல்லுங்கள். அவர்களைப் பிரித்தது உரிமை கேட்ட குரலா, உரிமையைப் பறித்த கரமா என்று கேளுங்கள்!