வில்லனுக்கு இதயம் உண்டு... தீவு மக்களுக்குப் பெயர்கூட இல்லை!

மறுபடி பார்க்கலாமா? - 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்: டெட் மேன்ஸ் செஸ்ட்' (2006)

ஏற்காட்டில் கோடை மழை பிடித்துக்கொண்டால் ஏரியில் படகு சவாரி கிடையாது. பகோடா பாயின்ட் பனிமூட்டத்துக்குள் போய்விடும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த குடும்பங்கள் அறைக்குள் முடங்க, பிள்ளைகளின் கை ரிமோட்டைத் தேடும். அப்படிப்பட்ட மாலையில் தாத்தாவும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக்கூடிய படங்களில் ஒன்று, ஜானி டெப்பின் கடல் கொள்ளையர் வரிசை. 2003-ல் வந்த முதல் பாகம் பெரும்பாலானோருக்குப் பிடித்த படம். பஞ்சாயத்து இரண்டாம் பாகத்தில்தான். உலகம் முழுக்க 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்த இந்தப் படத்தை இன்றைக்கு மறுபடி பார்த்தால் எப்படி இருக்கிறது?

என்ன கதை?

கடலடியில் கிடந்த 'பிளாக் பேர்ல்' கப்பலை ஜாக் ஸ்பேரோவுக்கு மீட்டுக் கொடுத்தவன் டேவி ஜோன்ஸ். 13 ஆண்டுகள் ஜாக் கேப்டனாக இருக்கலாம். அதன் பிறகு 100 ஆண்டுகள் ஜோன்ஸின் கப்பலில் ஊழியம் செய்ய வேண்டும். இதுதான் ஒப்பந்தம். இப்போது கெடு முடிந்துவிட்டது. தப்பிக்க ஒரே வழி, ஜோன்ஸின் இதயம் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் பெட்டியைக் கைப்பற்றுவது. அதே பெட்டிக்கு ஈஸ்ட் இந்தியா டிரேடிங் கம்பெனியின் பெக்கெட்டும் குறிவைக்கிறான். கல்யாண நாளிலேயே கைதாகும் வில் டர்னர் - எலிசபெத் ஜோடி இதற்கு நடுவே மாட்டிக்கொள்கிறது.

ப்ளஸ்

முதல் ப்ளஸ், சந்தேகமே இல்லாமல் டேவி ஜோன்ஸ். முகமெல்லாம் ஆக்டோபஸ் கைகள் நெளியும் இந்த உருவத்துக்குள் இருப்பவர் பில் நை. படப்பிடிப்புத் தளத்திலேயே அவர் நடித்ததைப் பதிவுசெய்து, அதன்மேல் கணினியில் முகத்தை வரைந்தார்கள். படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் ஜோன்ஸ் மனதில் நிற்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. காதலில் பட்ட வலி தாங்காமல் தன் இதயத்தைத் தானே அறுத்தெடுத்துப் பெட்டியில் பூட்டியவன் அவன். இருட்டில் தனியாக உட்கார்ந்து ஆர்கன் வாசிக்கும் காட்சியில் அந்த அரக்கன்மேல் இரக்கம் வருகிறது.

அடுத்தது, வில் டர்னரின் அப்பா கதை. ஜோன்ஸின் கப்பலில் அடிமையாக இருக்கும் தகப்பன், பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே சாட்டையடி கொடுக்க வேண்டி வருகிறது. வேறொருவன் அடித்தால் அடி இன்னும் கொடூரமாக விழும் என்பதால்தான் சாட்டையை அவர் வாங்குகிறார். படத்தில் சிரிப்புக்கே இடமில்லாத ஒரு சில நிமிடங்கள் இவை.

உருண்டோடும் தண்ணீர்ச் சக்கரத்தின் மேல் மூன்று பேர் போடும் வாள் சண்டையைப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். ஹான்ஸ் ஸிம்மர் இசை அதற்கு இன்னும் வேகம் சேர்க்கிறது.

நமக்கென்று தனியாக ஒரு ப்ளஸ்ஸும் உண்டு. உண்மையான கொள்ளைக்காரன் கையெழுத்தும் முத்திரையுமாக வரும் கம்பெனிக்காரன்தான் என்று படம் சொல்கிறது. சேலம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதுக்கதை அல்ல. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டவராகச் சொல்லப்படும் காக்பர்னும் கம்பெனி காலத்துச் சேலம் கலெக்டர்தான்.

மைனஸ்

இரண்டரை மணி நேரம் ஓடியும் கதை முடியவில்லை. மூன்றாம் பாகத்தோடு சேர்த்தே எடுக்கப்பட்ட படம் என்பதால், பரபரப்பான இடத்தில் 'தொடரும்' போடாத குறையாக நிறுத்திவிடுகிறார் இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி. இந்த இடத்தில் நம் 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) நினைவுக்கு வருகிறது. 'கேப்டன் பிளட்' என்ற ஹாலிவுட் படத்தின் சாயலில் பி.ஆர்.பந்துலு எடுத்தது. வைத்தியராக இருந்த எம்.ஜி.ஆர் அடிமையாகி, வேறு வழியில்லாமல் கடல் கொள்ளையராகி, கடைசியில் நியாயம் பெறுவது வரை ஒரே படத்தில் முடிந்துவிடும். அடிமைப்பட்டவர்கள் ஒவ்வொருவரின் விடுதலையும் அங்கே கதைக்கு முக்கியம்.

இந்தப் படத்தில் அந்த அக்கறை இல்லை. எலும்புக் கூண்டுகளில் அடைபட்ட ஜாக்கின் ஆட்கள் தப்பிக்கப் போராடுகிறார்கள். ஒரு கூண்டு அறுந்து அதிலிருந்த அத்தனை பேரும் பள்ளத்தில் விழுகிறார்கள். படம் அதையும் காமெடியாகவே கடந்துபோகிறது.

அந்தக் கூண்டுகள் தொங்கும் தீவுதான் பெரிய மைனஸ். அங்கே வாழும் மக்கள் எல்லோரும் மனிதக் கறி தின்பவர்கள். ஜாக்கைத் தெய்வமாக்கி, பிறகு சுட்டுத் தின்னப் பார்க்கிறார்கள். இந்தப் பகுதியை அப்படியே வெட்டினாலும் பெட்டியைத் தேடும் கதைக்கு நஷ்டமில்லை. காட்சிகள் எடுக்கப்பட்ட டொமினிக்கா தீவில் அப்போது கரிப் மக்களின் தலைவராக இருந்த சார்லஸ் வில்லியம்ஸ், தங்கள் முன்னோரை இப்படிக் காட்டக் கூடாது என்று எதிர்ப்பு தெரிவித்தார். காட்சி மாறவில்லை. அதே மக்களில் பலர் படத்தில் துணை நடிகர்களாக வேலையும் பார்த்தார்கள்.

அவர்களின் கோபத்துக்கு 500 ஆண்டுப் பின்னணி உண்டு. 'கரிப்' என்ற பெயரிலிருந்துதான் கரீபியன் கடலுக்குப் பெயர் வந்தது. மனிதரைத் தின்பவர் என்று பொருள்படும் 'கானிபல்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரும் அதுவே. கொலம்பஸ் காலத்தில் ஓர் இனத்தின் பெயரையே வசவாக்கிவிட்டார்கள். 2015 முதல் அந்த மக்களின் அதிகாரபூர்வப் பெயர் 'கலினாகோ'.

மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சேர்வராயன் மலையின் பூர்வகுடிகளான 'மலையாளி' மக்களுக்கும் பெயர்க் குழப்பம் புதிதல்ல. கேரளத்துக்காரர்கள் என்று நினைக்கும் சுற்றுலாப் பயணிகள் உண்டு. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா என்றால் சுற்றுவட்டார மலைக் கிராமங்கள் திரண்டுவிடும். ஆனால் தமிழ் சினிமாவில் பழங்குடி என்றால் இலை ஆடை, ஈட்டி, புரியாத கூச்சல் என்றுதான் பல காலம் காட்டினார்கள். டொமினிக்காவில் நடந்ததும் இதேதான். செலவு மட்டும் அதிகம்.

அரக்கனுக்குக்கூடக் காதல், கண்ணீர் என்று முன்கதை எழுதத் தெரிந்தவர்களுக்கு, தீவு மக்களில் ஒருவருக்காவது பெயர் வைத்துப் பேசவிடத் தெரியாமல் போயிருக்குமா? அதற்கு அவர்கள் மெனக்கெடவில்லை என்பதுதான் உண்மை.

பார்க்கலாமா?

பார்க்கலாம். முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றாம் பாகத்தையும் ('அட் வேர்ல்ட்ஸ் எண்ட்', 2007) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே காகம் கைதியின் கண்ணைக் கொத்தும் காட்சி இருப்பதால், பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள். தீவுக் காட்சி முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, "இது நிஜமில்லை, அந்த ஊர்க்காரர்களே இதை எதிர்த்தார்கள்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். மழை விட்ட பிறகு சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனால், மலையில் வாழ்பவர்கள் யார் என்று பிள்ளைகள் நேரிலேயே தெரிந்துகொள்வார்கள்.