ஜெராக்ஸ் கேட்பவருக்கு உபதேசம் கிடையாதா?

"ஓடிபி சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே." பாதுகாப்பு என்றாலே உபதேசம் முழுக்க நமக்குத்தான். சரி மக்களே, நாம் உஷார். ஆனால் காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்க வந்து லாட்ஜில் ரூம் கேட்டால், முதலில் நீட்டச் சொல்வது ஆதார் ஜெராக்ஸ். அந்தத் தாள் அப்புறம் எங்கே போகிறது? பஜ்ஜி மடிக்கவா?

ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், ஓட்டல்களும் தியேட்டர்களும் அதை வாங்கி வைக்கக்கூடாது என்று யுஐடிஏஐ-யின் பெங்களூரு அலுவலகமே 27 மே 2022 அன்று சொன்னது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்களாம். இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கியது. வழக்கமான கவனத்தோடு இருந்தால் போதுமாம். பழி மறுபடியும் நம் தலையில்!

"வெறும் நம்பரை வைத்து என்ன செய்வான்?" என்பவர்களுக்கு: ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் சிக்கினால் ஓடிபி இல்லாமலே மைக்ரோ ஏடிஎம்மில் பணம் எடுக்கலாம். பத்திரத்தில் வைத்த ரேகையை நகலெடுத்துத் திருடிய வழக்குகள் நம் நாட்டில் உண்டு.

ஆகவே, கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க் ஆதாரை யுஐடிஏஐ தளத்தில் இலவசமாக இறக்கி, அதையே கொடுங்கள். கைரேகையையும் அங்கேயே பூட்டலாம். ரேஷன் வாங்கப் போகும்போது திறந்தால் போதும்.

ஆனால் பூட்டுவது மட்டும் தீர்வல்ல. காமர்ஸ் வகுப்பில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வவுச்சர் கேட்கிறோம். நம்மிடம் வாங்கிய ஜெராக்ஸுக்குக் கணக்கு எங்கே? வாங்குகிறவரைக் கேளுங்கள். உரக்கவே கேளுங்கள்.