வாங்கியவர் வேறு, வாசித்தவர் வேறு

கடிதங்களும் நாட்குறிப்புகளும் கற்ற சிலரின் தனிப்பட்ட எழுத்துகளே என்பதால், பழைய வாசிப்பை அறிய அச்சகக் கணக்குகளே போதும் என்னும் வாதம் ஏற்கத்தக்கதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நூலை வாங்க முன்கூட்டியே உறுதியளித்த ‘கையொப்பக்காரர்’களைத் திரட்டினார், அவர்களின் பட்டியல் ஆதரித்தவரைக் காட்டுமேயன்றி, படித்தவரைக் காட்டாது. பாரிஸிலிருந்து பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் எழுதியவை உட்படச் சாமிநாதையருக்கு வந்த கடிதங்களே ஏட்டையும் நூலையும் ஊன்றிப் படித்தவர்களை இனங்காட்டுகின்றன. கற்றவரின் சான்று எல்லாருக்கும் பொருந்தாது என்பது உண்மையே. ஆயினும் வாலாஜாபாத் நெசவாளர் வீடொன்றில் கடிதம் எஞ்சவில்லை என்பதால் அங்கே வாசிப்பே இல்லை என்றாகாது. ஏனெனில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் கூட்டு வாசிப்பு, விற்பனைக் கணக்கிலும் பதிவாவதில்லை. எனவே எஞ்சிய தாள்களைப் புறக்கணிப்பதன்று, அவை செல்லரிக்குமுன் தேடிக் காப்பதே ஆய்வாளரின் கடமை.