அம்மாவின் பணம், மகனின் கைப்பேசி

மலேசியாவின் நிபோங் திபாலில் மூத்தவர்களுக்கு இணையம் என்றால் குரல்தான். ஒட்டுக்கடையில் பசியாற வருகிறவர்கள் கைப்பேசியை வாயருகே பிடித்து, எதிரில் மகள் நிற்பதுபோலவே புலனத்தில் பேசி அனுப்புகிறார்கள். பைராம், கலிடோனியா தோட்டங்களில் பால்மரம் சீவியும் செம்பனை அறுத்தும் வாழ்ந்த தலைமுறை. தோட்டப் பள்ளியின் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவர்கள் பலர். அதையும் எட்டாத பெண்கள் உண்டு. "ஐயா, பசியாறிட்டியா? வேலைக்குக் கெளம்பிட்டியா?" என்று சிங்கப்பூரில் இருக்கும் மகனைக் கேட்க அவர்களுக்கு இன்று எழுத்தும் வேண்டாம், எழுதித் தர ஆளும் வேண்டாம். இதை நான் பெரிய விடுதலையாகவே பார்க்கிறேன்.

பணம் என்று வரும்போது அந்த விடுதலை பறிபோகிறது. மோசடிகளைத் தடுக்க 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தது. அவற்றில் இரண்டு: குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணை வங்கிகள் கைவிட வேண்டும்; ஒரு வாடிக்கையாளர் ஒரே கைப்பேசியில்தான் ஒப்புதல் தர முடியும். தேவையான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளில் அந்த ஒரே கைப்பேசி யாருடையது? அம்மாவிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி, அல்லது வங்கிச் செயலி ஏறாத பழையது. ஆகவே அவர் கணக்கு மகனின் கைப்பேசியில் பதிவாகிறது. மகனோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலையில் இருப்பான். பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்தான். என்றாலும், விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போய்த் தன் கையால் சம்பளம் வாங்கிய பெண், தன் சேமநிதிப் பணத்தில் மீதி எவ்வளவு என்று மகனிடம் தயங்கித் தயங்கிக் கேட்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றுமில்லை. 2025 ஆகஸ்டு 31 முதல், பதினெட்டு வயது நிறைந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் சாரா என்னும் 100 ரிங்கிட் அரசு உதவி மைகாட் அடையாள அட்டை வழியே கிடைத்தது. செயலியும் கடவுச்சொல்லும் இல்லாமல், அந்த அட்டையைக் கடையில் நீட்டி அரிசியும் எண்ணெயும் வாங்கினார்கள். முதல் நாள் கணினி திணறியது உண்மைதான். ஆனாலும் பாட்டிமார் தாங்களே போய்த் தாங்களே வாங்கினார்கள்.

வங்கிக் கிளைகளிலும் அட்டையோடு பெருவிரல் ரேகையைச் சரிபார்க்கும் கருவி இருக்கிறது. அதை நம்பியே, மூத்தவர்கள் செயலியைத் தொடாமல் தங்கள் கணக்கைத் தாங்களே நடத்த வழிசெய்யலாம். அவர்கள் ஓர் எண்ணை அழைத்தால் இருப்பைத் தமிழில் சொல்லும் ஏற்பாடும் வேண்டும். அழைப்பு அவர்களிடமிருந்துதான் போக வேண்டும். வங்கியிலிருந்து வரக் கூடாது. குரலை நம்பிப் பழகியவர்களை, போலீஸ் பேசுகிறேன், நீதிமன்றத்திலிருந்து பேசுகிறேன் என்று குரலாலேயே ஏமாற்றும் கும்பல்கள் உண்டு. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணைக் கோயில் ஒலிபெருக்கியிலும் சொல்ல வேண்டும்.

வங்கிகள் அசையும்வரை, கணக்கைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் மாதம் ஒரு குரல்பதிவு அனுப்பலாம்: அம்மா, இவ்வளவு வந்தது, இவ்வளவு எடுத்தேன், இதற்காக எடுத்தேன், மீதி இவ்வளவு.