முழவர்மேல் வீசிய பொய்

பீட்டில்சு குழுவின் முழவர் இரிங்கோ இசுட்டார் அக்குழுவிற்குள்ளேயே சிறந்த முழவர் அல்லர் எனச் சான் இலெனன் இகழ்ந்தாராம்! 1980-இல் இலெனன் மறைந்த பின்னர், நகைச்சுவையாளர் வாயிற் பிறந்த பொய் அது. மாண்டவர் மறுக்க வாரார் என்னும் துணிவு! சுவைஞர் இரிங்கோமேல் வைத்த அன்பையும் வெறும் இரக்கமென இழிப்பர் சிலர். எங்ஙனம் பொருந்தும்? 1962-இல் பீட் பெசுட்டை நீக்கி அவரை அமர்த்தியபோது இலிவர்ப்பூல் சுவைஞர் கொதித்தெழுந்து எதிர்த்தனரே! அவ்வெதிர்ப்பை அன்பாக மாற்றியது அவர் கைத்திறமன்றோ? இடக்கையரான அவர், வலக்கையர்க்கென அடுக்கிய முழவங்களையே முழக்கினார். பிறர் கைக்கு எளிதில் வாராத உருட்டுகள் அதனாற் பிறந்தன. பாட்டை அமுக்கித் தான் முழங்கும் செருக்கும் அவர்க்கில்லை. 1969-இல் வெளிவந்த ‘அபி உரோடு’ இசைத்தட்டில் ஒரேயொரு தனிமுழக்கம். அதற்கும் எளிதில் இசைந்தாரல்லர். சுவைஞர் அதனை இன்றும் விரும்பிக் கேட்கின்றனர். பழிப்போர் ஒருமுறையேனும் கேட்டதுண்டா?