பழைய கேமராவை எடைக்குப் போடாதீர்கள்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றின் பீரோவில் பழைய கேமரா ஒன்று உறங்கிக் கொண்டிருக்கும். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 ஆகவோ, ஜப்பானிய யாஷிகாவாகவோ இருக்கலாம். நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் திருவனந்தபுரம் வந்து குடியேறிய நாள்களில் நடந்த கல்யாணம், காதுகுத்து எல்லாம் அத்தகைய கேமராக்களில் பதிந்தவைதாம். இன்று "ஷட்டர் போய்விட்டது" என்று சொல்லி அதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். இது சரியல்ல என்பது என் கருத்து.

ஷட்டர் என்பது ஒரு சிறு கடிகாரம். யாஷிகா போன்றவற்றில் மெல்லிய எஃகுத் தகடுகள் திறந்து மூடுகின்றன. ஒரு விநாடி, அரை விநாடி ஆகிய மெதுவான வேகங்களைப் பல்சக்கரங்கள் கட்டுப்படுத்துகின்றன. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் கிரீஸ் பிசினாக இறுகிவிடும்; எண்ணெய் கசிந்து தகடுகள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெரும்பாலும் தேவைப்படுவது உதிரிப்பாகம் அல்ல, சுத்தம்தான்.

பிலிம் இல்லாதபோது பின்மூடியைத் திறந்து, ஒரு விநாடி வேகத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். மூன்று விநாடி திறந்தே நின்றால் நோய் இன்னதென்று விளங்கிவிடும். தையல் மெஷின் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது நோயை முற்றச் செய்யும். இரண்டு பருவமழை பெய்யும் இவ்வூரில் தோல் உறைக்குள் பூட்டி வைப்பதும் கூடாது. லென்ஸில் பூஞ்சை படரும்.

ரயில்வேயில் எஞ்சின் நின்றுபோகும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. தவணை வைத்துப் பிரித்துச் சுத்தம் செய்வோம். கேமராவுக்கும் அதே நியாயம்தான்.

"பிலிமுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். உதகையில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டது உண்மைதான். ஆனால் கோடக் நிறுவனம் 2022இல் கோல்டு 200 வண்ணப் பிலிமை, கிளிக் 3 ஏற்கும் 120 அளவில் வெளியிட்டது. 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய பிலிம் கேமராவே வந்தது. பிலிம் திரும்பி வருகிறது. பழுதுபார்க்கும் கைகள்தாம் மறைந்து வருகின்றன. வேலை வராத தொழிலை எந்தப் பிள்ளை கற்றுக்கொள்வான்?

ஆகவே அன்பர்களே, தொழில் தெரிந்த பெரியவர் எவரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேமராவை அவரிடம் கொடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். நம் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தகையவர்களையும் நம் பிள்ளைகளையும் ஒரே மேசையில் அமர்த்தலாம். கேமராவோடு கைத்தொழிலும் பிழைக்கும்.